மலை உச்சியில் ஒரு சிவப்புக் கைப்பிடி

போன மாதப் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒரு பெண் கேட்டார்: "சார், வெயிலப் பாத்து, பேட்டரியப் பாத்து, எதை ஓட்டணும் எதை நிறுத்தணும்னு தானா முடிவெடுக்கற சிஸ்டமுங்க இது. அதுக்குள்ள எதுக்குங்க பழைய மில்லுல இருக்கற மாதிரி ஒரு லீவர்? அடுத்த டிசைன்ல எடுத்துரலாமுங்களா?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குள் டீயும் போண்டாவும் வந்துவிட்டன. ஆளுக்கு ஒன்றரை போண்டா என்று கணக்கு வந்ததால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. கேள்விக்கு நான் பாதி பதில்தான் சொன்னேன். காந்திபுரத்தில் பஸ் ஏறி போத்தனூரில் இறங்கும்வரை மீதிப் பாதி தொண்டையிலேயே நின்றது. இந்த வயதில் தொண்டையில் எதையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பம்ப் மோட்டார் கம்பெனியில் வேலை செய்து தலை நரைத்தபின் இந்த வேலைக்கு வந்தவன். எதையும் எண்ணுகிற பழக்கம் உண்டு. வீட்டு வாசலில் நின்றால் கூட்ஸ் வண்டி போவது தெரியும். பெட்டிகளை எண்ணி முடிக்காமல் உள்ளே வரமாட்டேன். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால் அன்று முழுக்க ஒரு குறை. மின்சாரக் கம்பியே போகாத இடத்தில் மின்சாரத்தை உண்டாக்கி, ஆள் இல்லாமல் அதைப் பாதுகாக்கும் இந்தத் தொழிலுக்கு அந்தப் பழக்கம் உதவியது. உதவாமல் போன ஒரு நாளும் உண்டு. அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எங்கள் தலைமைப் பொறியாளராக இருந்தவரை உங்களில் யாரும் பார்த்ததில்லை. இன்று வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். தன் பெயரைப் போட்டு எதுவும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வயதில் என் மகளுக்குச் சமம். ஆபீசில் அவரை 'மேடம்' என்பேன். பதற்றம் வந்தால் 'அம்மணி' என்று வாய் தவறிவிடும். ஒரு தடவைகூட அவர் அதைத் திருத்தியதில்லை. நிறையப் பேசுவார். அவரோடு தொண்டாமுத்தூர்வரை ஜீப்பில் போனால் அவர் பேசாமல் இருந்த நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணியிருக்கிறேன்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே தென்னந்தோப்புகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்துக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை உச்சி இருக்கிறது. எங்கள் முதல் மலை நிலையத்தை அங்கேதான் வைத்தோம். காட்டுக்குள் செல்போன் எடுக்காது. உள்ளே இருக்கும் சிற்றூர்களுக்குப் போகும் மருத்துவக் குழு, வனக் காவலர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் வயர்லெஸ்தான் துணை. ஒரு பள்ளத்தில் பேசுகிற வயர்லெஸ் அடுத்த பள்ளத்துக்குக் கேட்காது. நடுவில் உச்சியில் இருக்கிற ரிப்பீட்டர் அதைக் காதில் வாங்கி, தன் உரத்த குரலில் திரும்பச் சொல்லும். அந்த ரிப்பீட்டர் நின்றால் மலைக்குள் இருக்கிற ஒவ்வொருவரும் தனியாள்.

அதற்கு மின்சாரம் கொடுப்பதுதான் எங்கள் வேலை. வெயில் தகடுகள், இருபத்துநான்கு செல்கள் கொண்ட ஒரு பேட்டரி வரிசை, எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ரிப்பீட்டர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது சிட்டுக்குருவி தண்ணீர் குடிப்பதுபோல்தான் மின்சாரம் எடுக்கும். யாராவது மைக்கை அழுத்திப் பேசினால் மாடு குடிப்பதுபோல் எடுக்கும்.

பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பெட்டி தானாகவே எல்லாவற்றையும் துண்டித்துவிடும். அந்த அளவைக் கட்-ஆஃப் என்போம். அதற்கும் கீழே இறங்கவிட்டால் செல் கெட்டுவிடும். துண்டித்த பிறகு நல்ல வெயில் அடித்து பேட்டரி ஓரளவு ஏறிய பின்தான் பெட்டி மறுபடி இணைப்புக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு அத்தனை பெருமை. மோட்டாருக்குள் காயில் கம்பி கருகிய வாசம் தெரியாத வீடு நம் பக்கத்தில் உண்டா? கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் நிற்கணும், ஒரு ஃபேஸ் போனால் நிற்கணும், வோல்டேஜ் குறைந்தால் நிற்கணும். எந்திரம் எரியாமல் காப்பதில் இந்த ஊர்க்காரனை யாரும் மிஞ்ச முடியாது. அதே கையோடுதான் மலை உச்சிக்கும் போனோம். அப்படித் துண்டிக்கிற சுவிட்சான கட்-ஆஃப் ரிலேயை வரைந்தது தலைமைப் பொறியாளரே. தூரத்திலிருந்து யாரும் விளையாட்டாக மாற்றிவிடக் கூடாது என்று அதைப் பூட்டியும் வைத்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

அது தென்மேற்குப் பருவமழை. மலையைப் பல நாட்களாக மேகம் மூடியிருந்தது. பேட்டரி இறங்கிக்கொண்டே போய் எச்சரிக்கை வந்துவிட்டது. ஜீப் தடத்தில் மரம் விழுந்திருந்தது. ஜெனரேட்டரை நடைபாதையில் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. போதாக்குறைக்கு யானைக் கூட்டம் வேறு தடத்தை ஒட்டி நின்றது. காலையிலேயே தலைமைப் பொறியாளர் ஒரு வனக் காவலரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கருவிப் பையோடு நடந்து உச்சிக்குப் போய்விட்டார். அங்கே கேமராவையும் மழைமானியையும் நிறுத்திவிட்டு, ரிப்பீட்டரை மட்டும் ஓடவிட்டார். நான் அடிவாரத்தில் வயர்லெஸ் அறையில், பேட்டரியின் வோல்டேஜ் தெரியும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மைக்கோடு ஆபரேட்டர் கலாமணி. தலைமைப் பொறியாளருக்குச் சரிக்குச் சமமாகப் பேசக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

முற்பகலில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"பேஸுங்களா? துரைசாமி பேசறனுங்க. ஓவருங்க."

வயர்லெஸ்ஸில் 'பேஸ்' என்றால் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் அறை; 'ஓவர்' என்றால் நான் முடித்துவிட்டேன், நீ பேசு என்று பொருள். அதற்கும் 'ங்க' போடுகிறவர் துரைசாமி. மருத்துவக் குழுவை மலைக்குள் இருக்கும் ஒரு சிற்றூரில் இறக்கிவிட்டு, தனியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"சொல்லுங்கண்ணா," என்றார் கலாமணி.

"சாப்டாச்சுங்களா அம்மணி?"

"ஆச்சுங்கண்ணா. நீங்க?"

"நானும் ஆச்சுங்க. ஒண்ணுமில்லீங்க, ஜீப்பு சித்தெ சாஞ்சுபோச்சுங்க. அவசரமெல்லாம் இல்லீங்க. யாராச்சும் அக்கட்டால வந்தாங்கன்னா ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. ஓவருங்க."

'சித்தெ சாய்ந்தது' என்றால் என்ன என்று பிறகு தெரிந்தது. தடத்தின் ஓரம் இடிந்து, ஜீப் சரிவில் உருண்டு, ஒரு மரத்தில் முட்டி நின்றிருந்தது. அவர் கால் ஸ்டியரிங்குக்கு அடியில் நசுங்கி மாட்டியிருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை.

அவசரமில்லை என்றதைக் கலாமணி நம்பவில்லை; அவர் சொல்லி மீட்புக் குழு கிளம்பியது. அதன் தலைவர் வாக்கிடாக்கியில் துரைசாமியைக் கேட்டார்: "ரெண்டாவது ஓடையைத் தாண்டிட்டீங்கதானே?"

"ஆமாங்க."

"வளைவுக்குக் கீழதானே?"

"ஆமாங்க, அப்படித்தான் இருக்குமுங்க."

குழு இரண்டாவது ஓடைக்குப் போனது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை யாராவது மைக்கை அழுத்தும்போதும் வோல்டேஜ் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்த உயரம் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவு. 'சாப்டாச்சுங்களா' என்பதற்கு ஒரு குழி. 'ஆச்சுங்கண்ணா, நீங்க' என்பதற்கு ஒரு குழி. நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இப்படியே பேசினால் நடுப்பகல் தாண்டாது. கட்-ஆஃப் விழுந்தால், வெயில் இல்லாத அந்த வாரத்தில் ரிப்பீட்டர் மறுபடி எழவும் எழாது.

என் யோசனை இதுதான். துரைசாமியை அரை மணிக்கு ஒருமுறை மட்டும் கூப்பிடுவது. மூன்றே கேள்வி. ஆமாம் இல்லை என்று பதில். மற்ற நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பது. அப்படிச் செய்தால் இருட்டும்வரை பேட்டரி தாங்கும். அது மோசமான யோசனை இல்லை. இன்று நீங்கள் அதே நிலையில் இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். குழுத் தலைவர் ஒத்துக்கொண்டார். உச்சியிலிருந்து தலைமைப் பொறியாளரும், "சரிங்க சார்," என்றார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

முதல் அரை மணி.

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"நல்லா இருக்கறனுங்க."

"அடி பலமுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"ரெண்டாவது ஓடைதானுங்களே?"

"ஆமாங்க."

மூன்று கேள்வி, மூன்று பதில். நான் மூன்று டிக் போட்டேன். மிகக் குறைந்த செலவு. திருப்தியாக இருந்தது.

கலாமணி மைக்கைக் கீழே வைக்கவில்லை. "சார், அண்ணன் ஓவருங்க சொல்லல."

"மறந்திருப்பாரு."

"அவரு தன் கல்யாணத்துல தாலி கட்டி முடிச்சப்பக்கூட ஓவருங்க சொல்லியிருப்பாருங்க சார். மறக்க மாட்டாரு." நான் தடுப்பதற்குள் அழுத்திவிட்டார். "அண்ணா, கேக்குதுங்களா?"

இரண்டாம் தடவையும் அழுத்திக் கூப்பிட்டார். பிறகு குரல் வந்தது. "சாப்டாச்சுங்களா அம்மணி?"

"அப்பவே கேட்டீங்களேண்ணா. ஆச்சுங்க."

"அப்படீங்களா. செரி, நான் லைட்ட அணைச்சுப்போட்டுப் படுத்துக்கறனுங்க. ஊட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க."

வெளியே மழைக்கால வெளிச்சம்தான் என்றாலும் நல்ல பகல். கலாமணி என்னைப் பார்த்தார். "சார், விட்டா தூங்கிருவாருங்க. தூங்கினா எந்திரிக்க மாட்டாருங்க."

அதே சமயம் மீட்புக் குழு கூப்பிட்டது. "ரெண்டாவது ஓடையில ரெண்டு கரையும் பாத்தாச்சுங்க. டயர் தடமே இல்லீங்க."

இப்போது இரண்டு தேவைகள். அவரைத் தூங்கவிடாமல் பேச வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் அவர் வாயாலேயே வாங்க வேண்டும். இரண்டுக்கும் பேச்சு. பேச்சுக்குப் பேட்டரி. என் காகிதத்தில் அதற்கு இடமே இல்லை. இன்னொரு பேட்டரியை ஆள் சுமந்து உச்சிக்குக் கொண்டுபோவதற்குள் இந்தப் பேச்சு முடிந்திருக்கும், நல்லதாகவோ கெட்டதாகவோ.

உச்சியிலிருந்து தலைமைப் பொறியாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சார், கட்-ஆஃபை எடுத்து உட்றலாமுங்களா?"

கலாமணியின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். "அம்மணி, வேண்டாம். செல்லு மொத்தமும் போயிரும். இன்னைக்குப் போச்சுன்னா நாளைக்கு அந்த மலையில யாருக்கு என்ன ஆனாலும் கூப்பிட வழியில்ல. அடுத்த வாரம் அதிகாரி பரிசோதனைக்கு வராரு. பாக்கி மலைக்கான ஆர்டரெல்லாம் நமக்குக் கிடைக்கறது இதை வெச்சுத்தான். செத்த பேட்டரியைக் காட்டி என்னன்னு சொல்றது?"

நான் சொன்னது எல்லாம் உண்மை. எல்லாமே மின்சாரத்தைத் தின்றுகொண்டே சொன்ன உண்மை.

அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க ஃபயர் பம்ப்பு மோட்டார் செஞ்சிருக்கீங்கல்லங்க?"

"செஞ்சிருக்கேன்."

"அதுல ஓவர்லோடு ட்ரிப் வெச்சீங்களா?"

தீயணைக்கிற பம்ப்புக்கான மோட்டாரை நான் எத்தனையோ செய்து அனுப்பியிருக்கிறேன். மற்ற எல்லா மோட்டாரும் சூடேறினால் தானாக நிற்கும். அதில் மட்டும் அந்த ஏற்பாட்டை வைக்க மாட்டோம்.

"இல்லீங்க மேடம்."

"ஏனுங்க?"

"தீப்பிடிச்சு எரியறப்ப மோட்டாரைப் பாக்க முடியாதுங்க."

"அப்ப செல்லு வாங்கிக்கலாமுங்க சார்," என்றார். "கலாமணி, நாலு பேர் கிளம்பி புது பேட்டரி எடுத்துக்கிட்டு நாளைக்குக் காத்தால உச்சிக்கு வரச் சொல்லிருங்க. சார் சொன்ன மாதிரி நாளைக்கும் குரல் வேணும். நீங்க அண்ணன்கூடப் பேசுங்க. எவ்வளவு வேணுமோ பேசுங்க. நான் இனிப் பேசல."

அதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் மைக்கைத் தட்டிவிடும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. க்ளிக், க்ளிக். வேலை முடிந்தது என்று அர்த்தம். ரிலேயின் இந்தப் பக்கம் இருந்த தடித்த கேபிளைக் கழற்றி அந்தப் பக்கத்தில் நேராக முடுக்கியிருக்கிறார்; இனி பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் துண்டிக்க எதுவும் இல்லை. தான் வரைந்த ரிலே, தானே பூட்டியது. அதைத் தன் கையாலேயே ஒன்றுமில்லாமல் ஆக்கினார். ஸ்பேனரை மூன்று தடவை எடுத்து எடுத்துக் கீழே வைத்ததாகப் பிற்பாடு ஒருமுறை சொன்னார். எனக்கு அந்தத் தயக்கத்தின்மேல்தான் மரியாதை அதிகம். தயங்காமல் செய்கிறவருக்குத் தான் எதைக் கழற்றுகிறோம் என்பது தெரிந்திருக்காது.

கலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏனுங்கண்ணா, தூங்கறீங்களா? உங்க மாடு கன்னு போட்டுச்சே, காளைங்களா கிடேரிங்களா?"

"கிடேரிங்க."

"பேரு வெச்சாச்சுங்களா?"

"பாப்பா வெச்சுதுங்க. நெலான்னு."

"ஏன், கலாமணின்னு வெக்கறது?"

"அது... சத்தம் எச்சாப் போடுமுங்களே."

சிரிப்பு இருமலாகி நின்றது. கலாமணியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எங்க ஊட்டுக்காரருகூட இத்தனை நேரம் நான் பேசினதில்லீங்கண்ணா. கேள்விப்பட்டா உங்களைத் தேடிக்கிட்டு வருவாரு. இப்பவே சொல்லிப்போட்டேன்."

கன்றுக்குட்டி, பாப்பாவின் பள்ளிக்கூடம், அவர் வீட்டுப் பருப்புச் சாதத்தில் மிளகாய் கிள்ளிப் போடுவதா அரைத்துப் போடுவதா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நடுநடுவே அவர் குரல் வழுக்கும். அவர் மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார். கலாமணி அடுத்த கேள்வியை எறிந்து இழுத்துப் பிடிப்பார். மீட்புக் குழு இடையில் ஒரு சொல் பேசவில்லை.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் கட்-ஆஃப் கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. கீழே போய்க்கொண்டே இருந்தது. நாற்பது வருஷம் எந்திரங்களைக் காப்பாற்றியவனுக்கு அதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. புகையே இல்லாத அந்த அறையில் எனக்குக் காயில் கம்பி கருகும் வாசம் அடித்தது. ஒரு கட்டத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வேறு எதுவும் செய்வதற்கு இல்லை.

"ஜன்னல்ல என்னங்கண்ணா தெரியுது?" என்று கேட்டார் கலாமணி.

"மழைங்க."

"அது எங்களுக்கும் தெரியுதுங்க. வேறென்ன?"

"பரண் தெரியுதுங்க."

"என்ன பரணுங்க?"

"ஆனைக்குக் காவல் இருக்கறதுங்க. கூரையில்ல. எங்கய்யன் இருக்கறப்ப இக்கட்டால ராகி போடுவாங்கல்லங்க, அதுக்குக் கட்டினது."

குழுத் தலைவர் குறுக்கே வந்தார். குரலில் வேகம். "பேஸ், எங்ககூட இருக்கற வனக் காவல் வாட்சர் சொல்றாரு, அந்தப் பரண் பழைய தடத்துல இருக்குதாம். மொத ஓடைக்கு முன்னாடியே பிரியற தடமுங்க! துரைசாமி, நீங்க ரெண்டாவது ஓடை தாண்டவே இல்லையா?"

"இல்லீங்க."

"மொத ஓடை?"

"அதுவும் இல்லீங்க. மரம் விழுந்திருந்துச்சுன்னு பழைய தடத்துல வந்தனுங்க."

"அப்பறம் ஏனுங்க ஆமா ஆமான்னீங்க?"

"நீங்க அத்தனை உறுதியாக் கேட்டீங்க. அதுல போயி இல்லைன்னு எப்படிங்க சொல்றது."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் போட்ட மூன்று டிக்கும் என் முன்னாலேயே காகிதத்தில் இருந்தன. நம் ஊரில் ஒருவரிடம் 'இப்படித்தானே' என்று கேட்டால் 'ஆமாங்க' என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை. கேட்டவர் மனம் நோகக் கூடாது என்கிற பண்பு. உண்மை வேண்டுமென்றால் சாப்பாட்டில் தொடங்கி, கன்றுக்குட்டி வழியாக, சுற்றித்தான் வர வேண்டும். அத்தனை தூரம் சுற்றுவதற்கு மின்சாரம் வேண்டும்.

குழு திரும்பி ஓடியது. கலாமணி பேசிக்கொண்டே இருந்தார். ரிப்பீட்டரின் குரல் மெலிந்தது. வார்த்தைகளின் முனைகள் உதிரத் தொடங்கின. 'கன்னுக்குட்டி' என்பது 'கன்னுக்கு' என்று கேட்டது. 'பாப்பா' பாதி 'பா' ஆனது. கலாமணி சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பொறுக்கிப் பேசினார். பிறகு வேறு குரல்.

"பேஸ். ஆளைத் தொட்டுட்டோமுங்க. கால்தான் மோசம். மூச்சு இருக்கு, பேச்சு இருக்கு. எங்களைப் பாத்து சாப்டாச்சுங்களாங்கறாரு."

கலாமணி மேசையில் தலையைச் சாய்த்துவிட்டு, நிமிர்ந்து, மைக்கை அழுத்தினார். "அண்ணா, ஊட்டுக்குப் போயி மொதல்ல நீங்க சாப்..."

அதோடு ரிப்பீட்டர் நின்றது. அதன் வழியாகவே வந்துகொண்டிருந்த என் திரையின் எண்ணும் மறைந்தது. மலை அமைதியாகிவிட்டது.

மறுநாள் காலை நான்கு பேர் சுமந்துபோன பேட்டரியில் மலை மறுபடி பேசியது. எங்கள் இருபத்துநான்கு செல்களையும் கீழே கொண்டுவந்து, நீங்கள் இப்போது உட்காரும் அதே சோதனைக்கூடத்தில் வரிசையாக வைத்து மெதுவாகச் சார்ஜ் ஏற்றினேன். ஐந்து பிழைத்தன. பத்தொன்பது போய்விட்டன.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி கேட்டார்: "தானா இயங்கும், தன்னைத் தானே பாத்துக்கும்னு சொன்னீங்க. செத்துக் கெடக்குதே?"

அவர் முன்னால் நிற்பதற்கு நான் எத்தனையோ சமாதானங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். தலைமைப் பொறியாளர் ஒன்றையும் பயன்படுத்தவில்லை. "அதுவா சாகலீங்க சார். நான்தான் சாக உட்டேன். அதைத் தானா செய்யற அறிவு அதுக்கு இல்லை. அது என் டிசைன்ல இருக்கற குறை," என்றார். அதிகாரி செத்த செல்களை எண்ணிக் குறித்துக்கொண்டு போனார். மீண்டும் ஒரு நாள் வந்தார். பாக்கி மலைகளும் கிடைத்தன, ஒரு நிபந்தனையோடு: அடுத்த முறை ஸ்பேனரோடு மலையேற வேண்டியிருக்கக் கூடாது.

தேவைப்படும்போது கட்-ஆஃபைப் பெட்டியே தானாக விலக்கும்படி செய்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பெட்டிக்குச் சில விதிகளைக் கற்றுக்கொடுத்தால் போதும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. துரைசாமி ஓவருங்க சொல்லவில்லை என்பதை எந்த விதியில் எழுதுவீர்கள் என்று கேட்டார். அடிவாரத்தில் ஒரு கைப்பிடி, உச்சியில் ஒரு கைப்பிடி; எதை இழுத்தாலும் கட்-ஆஃப் விலகும். மனிதக் கை இழுக்க வேண்டும். இழுத்தவர் மறுநாள் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். அதுதான் நீங்கள் மில் காலத்து லீவர் என்று சிரித்த அந்தச் சிவப்புக் கைப்பிடி.

நான் சும்மா இருப்பேனா? பதினோரு ஆட்சேபணை சொன்னேன். யாராவது தெரியாமல் இழுத்துவிட்டால்? குரங்கு இழுத்தால்? மாற்றுப் பேட்டரி தயாராக இல்லாத நாளில் இழுத்தால்? ஏழு ஆட்சேபணைகளை ஏற்றுக்கொண்டார். கைப்பிடிக்கு, இழுத்தால் உடைகிற ஒரு முத்திரை வந்தது, இழுத்தால் அடிவாரத்தில் மணி அடிப்பது வந்தது, ஒவ்வொரு மலைக்கும் கீழே சுமந்துபோகத் தோதான பேட்டரி காத்திருப்பது வந்தது. குரங்குக்காக ஒரு கூண்டும் வந்தது. மிச்சம் நான்கையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் பயந்துக்கிட்டுத்தானுங்க சார் இழுக்கணும்," என்றார்.

ஒரு மலைக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று கணக்கிடும்போது, அவசரச் செய்திக்கு, வழக்கமான செய்திக்கு என்று பேச்சு நேரம் ஒதுக்குவோம் அல்லவா? அதோடு நலம் விசாரிப்புக்கும் தாராளமாக நேரம் சேர்த்தேன். வெளியூரிலிருந்து வருகிற யாராவது அதை வீண் என்று வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள்.

துரைசாமி கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். அதைப் பற்றி யாராவது கேட்டால் ஒண்ணுமில்லீங்க என்கிறார். ஜீப் ஓட்டுவதை விடவில்லை. உச்சிக்குக் கீழே கடக்கும்போதெல்லாம் மைக்கை அழுத்தி, சாப்டாச்சுங்களா அம்மணி என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். நான் அடிவாரத்துக்குப் போன ஒரு நாளில் அதைக் கேட்டேன். திரையில் வோல்டேஜ் ஒரு சின்னக் குழியில் விழுந்து எழுந்தது. நான் பென்சிலை எடுக்கவில்லை.

கேள்வி கேட்ட பெண்ணுக்கு என் மீதிப் பதில் இவ்வளவுதான். அந்தக் கைப்பிடியை எடுக்க வேண்டாம். அதை வைத்த நாளிலிருந்து எந்த மலையிலும் யாரும் இழுக்க நேரவில்லை. உங்கள் காலத்திலும் நேராமல் இருக்கட்டும். ஆனால் மலையில் ஈரம் அதிகம், இரும்பு சீக்கிரம் இறுகிவிடும். ஒவ்வொரு தடவை உச்சிக்குப் போகும்போதும் அதற்கு எண்ணெய் விட்டு, முத்திரை உடையாமல், லேசாக அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்.